சிங்கிள்ஸ்காரரின் ஒரே வெற்றி

உடைமாற்றும் அறையில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சிங்கிள்ஸ்காரர். வைத்தவர்களுக்கு அது கேலி, வாங்கிக்கொண்டவருக்குப் பெருமை. டென்னிஸ் மட்டையே பிழைப்பு என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். டபுள்ஸில், அதாவது பக்கத்துக்கு இரண்டு பேராக நின்று ஆடுவதில், ஓரளவு பெயர் எடுத்தவர், கோப்பைகள் வாங்கியவர். சிங்கிள்ஸில், தனியாளாக நின்று ஆடுவதில், தகுதிச் சுற்றைத் தாண்டி மெயின் டிரா என்கிற முக்கியச் சுற்றுகளுக்குள் போய் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. அதனால் அவர் தன்னைச் சிங்கிள்ஸ் ஆட்டக்காரர் என்று நம்பினார். யாராவது கேட்டால், "சிங்கிள்ஸ்தாங்க. டபுள்ஸ் சும்மா, சிங்கிள்ஸுக்குப் பயிற்சியா" என்பார். பயிற்சி மட்டும் வருஷா வருஷம் பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது.

வீட்டிலும் இதே நீதிதான். டபுள்ஸில் வாங்கிய கோப்பைகளில் ஒன்றில் குடைகளைச் செருகியிருந்தார்கள், ஒன்றில் துணி கிளிப்புகள் கிடந்தன, எல்லாவற்றிலும் பெரியது பால்கனியில் மண் நிரப்பி மணி பிளான்ட் வளர்த்துக்கொண்டிருந்தது. சோபாவுக்கு மேலே, சட்டம் போட்டு, தினம் துணியால் துடைக்கப்பட்டு மாட்டியிருந்தது பள்ளிக்கூட நாளில் சிங்கிள்ஸில் வாங்கிய சான்றிதழ். இரண்டாம் பரிசு. போட்டிக்கு மொத்தம் எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று மச்சினன் ஒருமுறை கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் மச்சினனோடு அவர் பேசவில்லை.

மாமியார் தன் பங்குக்கு அக்கம்பக்கத்தில் "மாப்பிள்ளை டூர்ல இருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தார். தொழில்முறை ஆட்டக்காரர்கள் வருஷம் முழுக்கச் சுற்றுவதற்குப் பெயரே டூர்தான் என்பதால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மூன்றாம் மாடிக்காரர், ஓய்வு பெற்ற கணக்கர், மாப்பிள்ளையை ஏதோ சுற்றுலாக் கம்பெனி நடத்துபவர் என்று முடிவு கட்டிவிட்டார். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கீழ் பெர்த் கிடைக்குமா என்று கேட்பார். திருத்தப் பார்த்து அலுத்துப்போய், "பார்க்கலாம் சார்" என்று சொல்லப் பழகிக்கொண்டார் நம்மவர்.

அவருடைய டபுள்ஸ் கூட்டாளிக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். இமை பாதி மூடியே இருக்கும், இப்போதுதான் யாரோ எழுப்பிவிட்டதுபோல ஒரு முகம். கால்கள் மட்டும் நிரந்தரமாக விழித்திருந்தன. சிங்கிள்ஸ்காரர் வலையோரம் நின்று மறிப்பார். தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் பந்தெல்லாம் தூங்குமூஞ்சியின் பொறுப்பு. "உன்னுது!" என்று இவர் ஒரு சத்தம் போடுவார். சத்தம் அடங்குவதற்குள் அவன் பின்கோட்டுக்கு ஓடிப் பந்தைத் திருப்பியிருப்பான். யோசித்து ஓடினால் எட்டாது என்பது கோச்சின் பாடம். அதனால் காதில் விழுந்ததும் கால் கிளம்ப வேண்டும், மூளைக்கு அப்புறம் தகவல் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆயிரக்கணக்கான பந்துகளை அடித்துப் பழக்கியிருந்தார்கள். தூங்குமூஞ்சியும் சிங்கிள்ஸ் ஆடினான். இவரைவிட நன்றாகவே ஆடினான். அதைப்பற்றி அவன் பேசியது கிடையாது. எதைப்பற்றித்தான் பேசினான்.

டபுள்ஸ்காரர்களுக்கு இன்னும் சில வழக்கங்கள் உண்டு. அடுத்த சர்வீஸ் எங்கே என்று இருவரும் கலந்து பேசும்போது எதிராளி உதட்டைப் படித்துவிடாமல் இருக்கப் பந்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வார்கள். படைத் தளபதிகள் போல அப்படி ஒளித்துப் பேசுவது பெரும்பாலும் "நல்லா அடி" என்பதுதான். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும், ஜெயித்தாலும் சொதப்பினாலும், கையோடு கை தட்டிக்கொள்வார்கள். இந்த வழக்கங்கள் சிங்கிள்ஸ்காரரோடு வீட்டுக்கும் வந்துவிட்டன. மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையைப் பார்க்கப் போனபோது மனைவியிடம் ஏதோ சொல்ல நினைத்தவர், மேஜையிலிருந்த டஸ்டரை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு சொன்னார். ஆசிரியை அதன் பிறகு எல்லாவற்றையும் மனைவியிடம் மட்டுமே பேசினார். குழந்தை இருமல் மருந்தைக் குடித்து முடித்ததும் மனைவியின் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டுவார். கல்யாணமான புதிதில் அதை அவள் அன்பு என்று நினைத்திருந்தாள்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்த வரியில் தடுக்கி விழுவார் என்று அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். கணவர் தடுக்கி விழும் வரியும் தெரியும். சிங்கிள்ஸ் தகுதிச் சுற்று சனிக்கிழமையே தொடங்கிவிடும், டபுள்ஸ் செவ்வாய்க்கோ புதனுக்கோதான். இவர் வெள்ளிக்கிழமை கிளம்புவார், சனிக்கிழமை தோற்பார், செவ்வாய்வரை ஓட்டல் அறையில் காலுறை துவைத்து ஜன்னலில் காயப்போட்டுக்கொண்டிருப்பார். மகளுக்குப் பல் விழுந்தது, சைக்கிள் ஓட்ட வந்தது, நாடகத்தில் மரமாக நின்றது எல்லாமே சனி ஞாயிறுகளில்தான் நடந்தன. அவள் வரைந்த 'அப்பாவின் வேலை' என்ற படத்தில் மட்டையோடு இரண்டு பேர் நின்றார்கள். இன்னொருத்தர் யார் என்று கேட்டார். தூங்குமூஞ்சி மாமா என்றாள். அப்பா தனியாகவும் ஆடுவேன் என்று எடுத்துச் சொன்னார். குழந்தை படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஒருநாள் பெட்டி கட்டும்போது மனைவி பேச்சை எடுத்தாள்.

"நீங்க தோக்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லைங்க. அதுக்கு ஏன் மூணு நாள் முன்னாடியே போகணும்?"

அவர் காலுறையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் காலுறையைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாள்.

"இது வருஷக் கடைசிப் போட்டி. மெயின் டிராவுல ஒரே ஒரு சிங்கிள்ஸ் மேட்ச் ஜெயிச்சுட்டு வாங்க. அப்புறம் சிங்கிள்ஸைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். ஜெயிக்கலையா, அடுத்த வருஷத்துலேருந்து டபுள்ஸ் மட்டும். சனி ஞாயிறு வீட்ல இருக்கணும்."

அவர் ஒப்புக்கொண்டார். கையை நீட்டித் தட்டவும் தட்டினார்.

தகுதிச் சுற்றில் முதல் எதிராளிக்கு நடு ஆட்டத்தில் கணுக்கால் பிசகிக்கொண்டது. இரண்டாவது ஆள் விமானத்தைத் தவறவிட்டு வந்து சேரவே இல்லை. இப்படியாக சிங்கிள்ஸ்காரர் மெயின் டிராவுக்குள் நுழைந்தார். அனுபவத்தின் முதிர்ச்சி இப்போதுதான் ஆட்டத்தில் தெரிகிறது என்று கோச்சிடம் சொன்னார். கோச் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

முதல் சுற்றில் யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இவருக்குத் தூங்குமூஞ்சி வந்தான். ஆட்டம் காலையில். அன்று பிற்பகலே, அதே மைதானத்தில், இருவருக்கும் சேர்ந்து டபுள்ஸ்.

இருவரும் ஒரே அறையில்தான் தங்கியிருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு கெட்டில், ஒரு இஸ்திரிப் பெட்டி. சீட்டு விழுந்த செய்தியைச் சொல்லலாமா வேண்டாமா என்று குழம்பியபடி இவர் கதவைத் திறந்தார். அவன் படுத்தபடியே "தெரியும்" என்றான். அந்த நிமிஷத்திலிருந்து அறையில் மரியாதை தாங்க முடியாமல் போயிற்று. யார் முதலில் குளிப்பது என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டார்கள். ஒரே தைலக் குப்பியை இரண்டு முழங்கைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. "நீ முதல்ல போட்டுக்கோ" என்று இவர் நீட்ட, அவன் வாங்கிக்கொண்டு இவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மிச்சம் வைத்தான். எதிராளியின் முழங்கை வலிக்கட்டும் என்று மனசார நினைக்க இவருக்கு ஆசைதான். அவன் முழங்கை வலித்தால் பிற்பகல் டபுள்ஸ் போய்விடும்.

கோச்சும் இருவருக்கும் பொது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக மாடிப்படி ஓரத்துக்கு அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, எதிராளியின் பேக்ஹேண்டை, அதாவது புறங்கைப் பக்க அடியை, குறி வைக்கச் சொன்னார். அந்த இரண்டு பேக்ஹேண்டுகளும் அவரே வருஷக்கணக்காகச் செதுக்கியவை. ஆட்டத்தின்போது தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு வலைக்கு நேராக நடுவில் உட்கார்ந்தார். யார் புள்ளி எடுத்தாலும் ஒரே அளவு இருமினார்.

பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் பாதிப் பேர் நிழலுக்காக வந்தவர்கள்.

முதல் புள்ளியைத் தூங்குமூஞ்சி எடுத்தான். எடுத்ததும் இருவரும் இயல்பாக நடுவுக்கு நடந்துவந்து, வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கையைத் தூக்கிவிட்டு, பாதி வழியில் விழித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தலையைச் சொறிந்தபடி திரும்பினார்கள். நடுவர் தன் உயரமான நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். பக்கம் மாறும் இடைவேளையில் இருவரும் ஒரே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். தூங்குமூஞ்சி பழக்க தோஷத்தில் பாட்டிலைத் திறந்து இவரிடம் நீட்டினான். இவரும் வாங்கிக் குடித்துவிட்டு, பந்தை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, அடுத்த சர்வீஸை எங்கே போடப் போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. திட்டத்தை மாற்றலாம் என்று பார்த்தால், மாற்றுவேன் என்பதும் அவனுக்குத் தெரியுமே என்று மாற்றாமல் போட்டார். அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நேராகப் புள்ளி.

இப்படி ஒருவர் மனசை ஒருவர் முன்கூட்டியே படித்துப் படித்து ஆட்டம் இழுபட்டது. ஒரு செட் அவனுக்கு, ஒரு செட் இவருக்கு. மூன்றாவதும் சமமாகி, சமனை முறிக்கும் டைபிரேக்கரில் போய் நின்றது. அதிலும் முட்டி மோதி, கடைசியில் சிங்கிள்ஸ்காரருக்கு மேட்ச் பாயின்ட் வந்தது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. சோபாவுக்கு மேலே சான்றிதழுக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க இடம் இருக்கிறதா என்று அவர் மனம் அளந்து பார்த்தது.

சர்வீஸ் போட்டார், அவன் திருப்பினான். நாலைந்து தடவை பந்து போய்வந்தது. ஒரு பந்து குட்டையாக விழ, அதை அடித்துவிட்டு இவர் வலைக்கு ஓடினார். வேறு எவனாக இருந்தாலும் வேகமாக அடித்திருப்பான். தூங்குமூஞ்சி மட்டையை அடியில் விட்டு, பந்தை மெதுவாக, அழகாக, இவர் தலைக்கு மேலே தூக்கினான்.

எட்டாது என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. எட்டாத பந்துக்கு என்ன செய்வது என்பதில் அவருக்கு வாழ்நாளில் சந்தேகமே இருந்ததில்லை.

"உன்னுது!" என்று கத்திவிட்டு, அடுத்த பந்தை மறிக்கத் தயாராக வலையைப் பார்த்துக் குனிந்து நின்றார்.

வலைக்கு அந்தப் பக்கம், பின்கோட்டில் நின்றிருந்த தூங்குமூஞ்சியின் காதில் அது விழுந்தது. கால் கிளம்பியது. பந்து இவர் முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, அதை எடுப்பது அவன் வேலை, நடுவில் ஒரு வலை இருப்பது மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய தகவல். அது போய்ச் சேருவதற்குள் பந்து இவருடைய கோட்டுக்குள் ஒருமுறை குதித்து எழுந்துவிட்டது. அதே நேரம் தூங்குமூஞ்சி முழு வேகத்தில் வந்து வலையில் விழுந்து, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகத் தொங்கினான். அவன் முகம் இவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அதற்கு அப்புறம்தான் பந்து சாவகாசமாக இரண்டாவது தடவை குதித்தது.

 கோச் முதன்முறையாக இருமவில்லை.

நடுவர் மேற்பார்வையாளரை வரவழைத்தார். அவர் விதிப் புத்தகத்தோடு வந்தார். பந்து இரண்டாவது தடவை குதிப்பதற்கு முன்னால் வலையைத் தொட்டவனுக்குப் புள்ளி போச்சு, அதில் கேள்வி இல்லை. ஆனால் எதிராளியைத் தடுக்கிற மாதிரி கத்தியவனுக்கும் புள்ளி போகும். கத்தல் முதலில் வந்ததா, வலை முதலில் வந்ததா? கத்தல்தான் முதலில். ஆனால் கத்தும்போது பந்து அடித்து முடிக்கப்பட்டு இவர் பக்கம் போய்க்கொண்டிருந்தது, அதற்கு மேல் அங்கே தடுப்பதற்கு என்ன இருந்தது? இரண்டு பேரும் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்கள். ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. கடைசியில் நடுவர் தூங்குமூஞ்சியையே கேட்டார்.

"அவர் கத்தினது உங்களுக்கு இடைஞ்சலா இருந்ததா?"

இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புள்ளி அவனுக்குப் போயிருக்கலாம். சிங்கிள்ஸ்காரர் வலையைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தார். அதன் முன்னால் பந்தோ மட்டையோ எதுவும் இல்லாமல் அவர் அதைப் பார்ப்பது அபூர்வம்.

"இடைஞ்சல் எல்லாம் இல்லை சார்," என்றான் தூங்குமூஞ்சி, சட்டையிலிருந்து வலை நூலை எடுத்துவிட்டபடி. "கூப்பிட்டான், வந்தேன்."

ஆட்டம் சிங்கிள்ஸ்காரருக்கு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

பிற்பகல் டபுள்ஸில் முதல் பந்து தலைக்கு மேலே போனபோது சிங்கிள்ஸ்காரர் வாயைத் திறக்கவில்லை. காலையில் பட்ட வெட்கம் அப்படி. பந்து இருவருக்கும் நடுவே அனாதையாக விழுந்தது. தூங்குமூஞ்சி அருகே வந்து, பந்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டான்.

"காலையில எதிர்ப்பக்கம் நின்னேன், அப்ப கூப்பிட்டே. இப்ப உன் பக்கத்துலேயே நிக்கறேன். கூப்பிட மாட்டியாடா?"

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. அதற்கப்புறம் கூப்பிட்டார். ஜெயித்தார்கள்.

சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார். கடையில் யாரோ ஒருவர் எழுத்துகளைத் தப்பும் தவறுமாக வாசிக்கும் சத்தம் பின்னால் கேட்டது. மெயின் டிராவில் சிங்கிள்ஸ் ஜெயித்துவிட்டேன் என்றார். அவள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள், எப்படி என்று கேட்டாள். மூன்றாவது செட் வரைக்கும் விவரமாகச் சொன்னவர், கடைசிப் புள்ளி வந்ததும், "அப்புறம் ஜெயிச்சுட்டேன்" என்று முடிக்கப் பார்த்தார்.

"கடைசிப் பாயின்ட் எப்படி?"

ஓட்டல் அறையில் தனியாக நின்றவர் ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.  சிரிக்கிறாளா என்று போனைக் காதில் அழுத்திக் கேட்டார். சிரித்த மாதிரித் தெரியவில்லை.

"சொன்னா சொன்னதுதான்," என்றாள் கடைசியில். "இனிமே சிங்கிள்ஸைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். ஆடுங்க."

அவள் வாயைத் திறந்திருந்தால் அவர் வாதாடியிருப்பார், விட்டுக்கொடுக்கவே மாட்டார். வாதாட ஆள் இல்லாமல் போனதுதான் வம்பாயிற்று. அவள் வாக்கைக் காப்பாற்றியதில் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஜெயித்தது யார் என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதனால் அந்தக் கேள்வியை அவரே கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. பக்கத்துக் கட்டிலில் தூங்குமூஞ்சி, முகத்துக்கும் பெயருக்கும் நியாயம் செய்துகொண்டிருந்தான்.

இரண்டாவது சுற்றில் அவருடைய எதிராளி வாட்டசாட்டமான இளைஞன், அவரைப் பற்றி எதுவும் தெரியாதவன். ஒவ்வொரு பந்து தலைக்கு மேலே போகும்போதும் சிங்கிள்ஸ்காரர் கத்தாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டார். கத்தாமல் இருப்பதில் முழுக் கவனமும் போனதால் பந்தை எடுக்க மறந்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பின்னால் காலியாகக் கிடந்த கோர்ட் தன் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷமும் இதில் தனியாக நின்றேனா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆட்டம் சீக்கிரமே முடிந்தது.

பத்திரிகையாளர் அறையில் ஒரே ஒரு நிருபர் இருந்தார், போனுக்குச் சார்ஜ் ஏற்ற வந்தவர். அவரிடம் சிங்கிள்ஸ்காரர், அடுத்த வருஷத்திலிருந்து சிங்கிள்ஸ் ஆடப்போவதில்லை என்றும், உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிடுவதுதான் அழகு என்றும் அறிவித்தார். நிருபர் எந்த உச்சம் என்று கேட்கவில்லை. சார்ஜ் அப்போதுதான் பாதி ஏறியிருந்தது.

புது வருஷத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பெட்டி எதுவும் இல்லாமல், கையில் காய்கறிப் பையோடு லிஃப்டில் ஏறினார். கூடவே மகள். மூன்றாம் மாடிக்காரர் உள்ளே இருந்தார். என்ன, இந்த வாரம் டூர் இல்லையா என்றார். செவ்வாய்க்கிழமைதான் கிளம்புகிறேன், இனிமேல் டபுள்ஸ் மட்டும்தான் என்றார் இவர். மூன்றாம் மாடிக்காரர் தெரிந்தமாதிரித் தலையாட்டினார்.

"முன்னாடி சிங்கிள்ஸுன்னு சொல்வீங்களே?"

"அது சும்மாங்க," என்றார் அவர். "டபுள்ஸுக்குப் பயிற்சியா."

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. பெரியவர் வெளியே ஒரு காலை வைத்துவிட்டு, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"டபுள்ஸ்னா நல்லதாப் போச்சு. எனக்கும் வீட்ல அவங்களுக்கும் சேர்த்து ரெண்டு கீழ் பெர்த் கிடைக்குமா?"

பதில் சொல்ல வாயெடுத்தவர், காய்கறிப் பையை வாய்க்கு முன்னால் தூக்கிக்கொண்டு மகள் பக்கம் குனிந்தார்.

"உன்னுது," என்றார்.

"பார்க்கலாம் தாத்தா," என்றாள் அவள். கதவு மூடியதும் உள்ளங்கையை அப்பாவிடம் நீட்டினாள்.